ஈறு கெட்ட கதை

பல்லைச் சூழ்ந்து தாங்கி நிற்கும் தசையைத் தமிழ்நாட்டார் ஈறு என்பர். எம் யாழ்ப்பாணத்தார் முரசு என்பர். முரசு என்றதும் பிள்ளைகளுக்குப் போர்க்களம் நினைவில் எழும். ஈறு என்றதும் தமிழாசிரியராகிய எமக்கு இலக்கணமே நினைவில் எழும். சொல்லின் கடைசியில் நிற்கும் எழுத்தும் ஈறு அன்றோ! 'அழியாத புகழ்' என்பது கடைசியெழுத்துக் குன்றி 'அழியாப் புகழ்' என நிற்குமாயின், அதனை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் ஓதி வருகிறோம். அங்கே ஈறு கெட்டாலும் பொருளுக்கு ஒரு குறையும் வருவதில்லை. புகழ் அழியாமலே நிற்கிறது. பல்லின் ஈறு கெட்டால் நிகழ்வது வேறு என்பதை எமது நாற்பத்தைந்தாம் வயதிலேதான் கற்றோம்.

நல்லூர்க் கந்தனின் தீர்த்தத் திருவிழா முடிந்த மாலை அது. பிள்ளைகளின் விருப்பத்துக்கு இணங்கி ஐஸ்கிரீம் கடையொன்றில் அமர்ந்தோம். முதற் கரண்டி மேல்வாயின் இடப்பக்கத்திற் பட்டதுதான் தாமதம், மின்னல் ஒன்று பல்லின் வழியே ஏறிக் கண்ணுக்குப் பின்னால் வெட்டினாற் போலிருந்தது. மிகுதியை இளைய மகனிடம் தள்ளிவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று பொய்யுரைத்தோம்.

வீடு திரும்பி, உதட்டை உயர்த்திக் கண்ணாடியிற் பார்த்தபோது இடப்பக்கத்து வேட்டைப்பல் முன்னையிலும் நீண்டிருக்கக் கண்டோம். பல் வளர்ந்ததன்று, அதன் மேல் நின்ற முரசு பின்வாங்கிவிட்டது. வெண்மையான பல்லுக்கு மேலே மஞ்சள் நிறமான வேர் வெளிப்பட்டிருந்தது. பல்லின் கடினமான கவசமாகிய மிளிரி, முரசுக்கு வெளியே தெரியும் பகுதிக்கு மட்டுமே உண்டு. வேருக்கு அக்கவசம் இல்லை. மிக மெல்லிய படை ஒன்றே உண்டு. அது விரைவில் தேய்ந்துபோகும். அதன் கீழுள்ள பன்முதலிலே கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உள; அவற்றினுள்ளே நீர்மம் உண்டு. குளிர் பட்டதும் அந்நீர்மம் அசைய, உள்ளிருக்கும் நரம்பு அலறுகிறது. எம்மை அலறச் செய்ததும் அதுவே.

உடனே வைத்தியரிடம் சென்றிருத்தல் வேண்டும். நாம் செல்லவில்லை. ஒன்றரை ஆண்டைக் கராம்புத் தைலத்திலும் உப்பு நீரிலும் கழித்தோம். ஆசிரியர் அறையிலே மருந்து சொல்லாதார் இல்லை. நல்லெண்ணெய் கொப்பளிக்கச் சொன்னவர் ஒருவர், கடுக்காய்ப் பொடி கொணர்ந்து தந்தவர் மற்றொருவர். அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் முரசு, நகத்தைப் போலவோ மயிரைப் போலவோ மீண்டும் வளர்வதன்று. ஒருமுறை பின்வாங்கினால், அது தானாக எழுந்து பழைய இடத்தை அடைவது அரிது.

நாம் காலந் தாழ்த்தியதற்குக் காரணம் அச்சமே. எம் தந்தையார் ஐம்பது வயதிலே மேல்வாய்ப் பற்கள் அனைத்தையும் இழந்தவர். இரவிலே பொய்ப்பற்களைக் கழற்றிக் கிண்ணத்து நீரில் இட்டபின் அவர் பேசுவது எமக்குப் பாதிதான் விளங்கும். நன்னூலார், நாவின் நுனி மேல்வாய்ப் பல்லின் அடியைப் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும் என்றார். பல்லே போனபின் தமிழ் எங்கே பிறப்பது? ஓய்வு பெறுவதற்கு இன்னும் பதினைந்து ஆண்டு இருக்கிறதே என்று இரவில் விழித்திருந்து எண்ணியதுண்டு.

இதற்கிடையில் சிரிப்பதை நிறுத்தியிருந்தோம். நிறுத்தியது எமக்கே தெரியாது, மாணவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருநாள் உயர்தர வகுப்பினுள் நுழைந்தபோது கரும்பலகையில் அழகிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: "ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; உதாரணம்: சிரியா ஆசிரியர்." எழுதியவன் எவனென்று நாம் கேட்கவில்லை. 'சிரியாத' என்பதன் ஈறு முறைப்படிக் கெட்டிருந்தது. உதாரணத்திலே பிழை காண முடியவில்லை. அவன் அறியாத மற்றைப் பொருளும் அங்கே பொருந்தி நின்றதுதான் எம்மைச் சுட்டது. அடுத்த வாரமே பல் வைத்திய நிபுணரிடம் சென்றோம்.

அவர் முப்பதைச் சற்றே கடந்த ஒரு பெண்மணி; மலைநாட்டுத் தோட்டமொன்றிற் பிறந்து, கற்று, இங்கு வந்து பணிபுரிபவர். வாயைத் திறக்கச் செய்து, மெல்லிய அளவுகோலால் ஒவ்வொரு பல்லாக அளந்து, எண்களைத் தாதியிடம் சொல்லிக்கொண்டே போனார். வேட்டைப்பல்லில் 4 மில்லிமீற்றர். அடுத்த பல்லில் 3. பின்பு கேட்ட முதற் கேள்வி எம்மைத் திகைக்க வைத்தது.

"சேர், நீங்கள் வலக்கைப் பழக்கமுள்ளவர்தானே?"

ஆம் என்றோம். பல்லுக்கும் கைக்கும் என்ன தொடர்பு என வினவினோம். வலக்கையால் துலக்குவோருக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்து முரசே கூடுதலாகத் தேயும் என்றும், வேட்டைப்பல் வரிசையில் சற்றே முன்தள்ளி நிற்பதாலும் அதன் மேலுள்ள எலும்பும் முரசும் மெல்லியவையாதலாலும் அடி முதலில் அதற்கே விழும் என்றும் விளக்கினார். பல்லின் கழுத்திலே கத்தியாற் செதுக்கினாற் போன்ற பள்ளம் ஒன்றையும் கண்ணாடியிற் காட்டினார். "இது நோய் செய்த வேலை இல்லை, சேர். தூரிகை செய்த வேலை."

நேயர்களே, எமது பெருமை அன்றே சரிந்தது. நாம் பல் துலக்குவதிலே பெயர் பெற்றவர். காலையும் மாலையும், கடினமான தும்புள்ள தூரிகையால், குறுக்கு மறுக்காக, வாளால் மரம் அரிவது போல் அரிவோம். கிணற்றடியில் எம் பிள்ளைகள் பல் துலக்கும்போது கூடத்தில் இருந்தபடியே காது கொடுத்துக் கேட்போம், ஓசை குறைந்தால், "சத்தம் கேட்கவில்லையே!" என்று குரல் கொடுப்போம். வெற்றிலை போட்ட எம் தாயாரை இதன் பொருட்டு எத்தனை முறை கடிந்திருப்போம்! (வெற்றிலையோடு பாக்கு மெல்லுதல் வாய்ப்புற்றுநோய்க்கு வழிகோலும், ஆகவே அக்கடிதல் முற்றும் பிழையன்று. ஆயினும் கடிந்த வாயின் நிலையைப் பாருங்கள்.)

எமது முகம் வாடியதைக் கண்டு அவர் ஒரு வரலாறு சொன்னார். அதனை இங்கே எழுதாவிடில் இக்கட்டுரையை எழுதியே பயனில்லை.

நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரல்ட் லோ என்பார், மனிதனின் முரசு காலப்போக்கில் எவ்வாறு கெடுகிறது என்பதை அறிய விரும்பினார். 1969இல் ஒஸ்லோ நகரத்திலே, சிறுவயது முதல் ஒழுங்கான பல்வைத்தியம் பெற்ற மாணவரையும் கல்விமான்களையும் தெரிந்தெடுத்தார். அவர்களோடு ஒப்பிடுவதற்குப் பல்வைத்தியமே அறியாத ஒரு கூட்டம் வேண்டியிருந்தது. அது எங்கே கிடைத்தது? எம் நாட்டு மலைநாட்டிலே, இரண்டு தேயிலைத் தோட்டங்களிலே. 1970இல் 14 வயது முதல் 30ஐ அண்டிய வயது வரையுள்ள 480 ஆண் தொழிலாளர், தமிழர், அவ்வாராய்ச்சிக்குள் வந்தனர். நோய்த்தடுப்போ சிகிச்சையோ அவர்களை எட்டியிராமையே அவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம். பல ஆண்டுகளாக, மீண்டும் மீண்டும் சென்று அவர்களின் வாய்கள் அளக்கப்பட்டன. உலகெங்கும் பல்வைத்திய மாணவர் இன்று படிக்கும் பாடங்களில் ஒன்று அந்த வாய்களிலிருந்து எழுதப்பட்டது.

முரசு பின்வாங்குதல் பற்றிய முடிபுகள் 1992இல் வெளிவந்தன. தோட்டத் தொழிலாளரிடையே 20 வயதுக்கு முன்பே 100க்கு 30 பேருக்கு மேல் முரசு பின்வாங்கியிருந்தது. 30 வயதில் 90 பேர். 50ஐ அணுகும்போது ஒருவரும் தப்பவில்லை. இதில் வியப்பில்லை என்பீர்கள். மற்றைப் பக்கத்தையும் கேளுங்கள். தூரிகையும் வைத்தியரும் குறைவின்றி இருந்த நோர்வே நாட்டாரிலே, 20 வயதினருள் 100க்கு 60 பேருக்கு மேல் முரசு பின்வாங்கியிருந்தது! 50ஐ அணுகியபோது 90க்கு மேல். வேறுபாடு இடத்திலே இருந்தது. நோர்வேயரிடம் தொடக்கத்தில் கன்னத்தை நோக்கிய வெளிப்புறத்தில் மட்டும், அதாவது தூரிகை ஓடும் பக்கத்தில், முரசு தேய்ந்தது. எம் தொழிலாளருக்கோ வெளியே, உள்ளே, பல்லுக்கும் பல்லுக்கும் இடையே என எல்லாப் பக்கமும் சென்றது. முன்னையது மெல்லிய முரசின்மேற் பட்ட கையின் வன்மையோடு தொடர்புடையது. பின்னையது படிந்து இறுகிய பற்காறையும் அதனால் வந்த நோயும் எலும்பைத் தின்றதால் வந்தது.

"எங்கள் தாத்தாவும் தோட்டத்தில்தான் இருந்தார், சேர். தூரிகை பிடித்தவர் இல்லை. நாற்பது வயதில் பல் எல்லாம் ஆடிப்போயிற்று" என்றார் வைத்தியர், கையுறையைக் கழற்றியபடி. குரலில் மாற்றமொன்றும் இருக்கவில்லை. எமக்குத்தான் அந்தச் சாய்வு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. இல்லாமையால் கெட்ட வாய்களின் பேத்தி, மிகையாற் கெட்ட வாயொன்றைச் செப்பனிட எம்முன் நின்றார்.

செப்பனிடும் வழியாவது ஒட்டு. ஒட்டுமாங்கன்று அறியாதார் யாழ்ப்பாணத்தில் இல்லை. தாய்மரத்தின் கிளையை அறுக்காமலே கன்றோடு சேர்த்துக் கட்டிப் பற்றியபின் அறுப்பது ஒரு முறை. முற்றாக அறுத்தெடுத்த தளிரைக் கொண்டுவந்து பொருத்துவது இன்னொரு முறை. முரசு வைத்தியமும் இந்த இரு வழியிலேயே வளர்ந்திருக்கிறது. 1956இல் குரூப், வாரன் என்னும் இருவர், பக்கத்துப் பல்லின் முரசை அடி அறாமல் பெயர்த்து, வெளிப்பட்ட வேரின்மேல் நகர்த்தித் தைக்கும் முறையை வெளியிட்டனர். கன்னத்துத் தசையை அடி அறாமல் திருப்பி மூக்கு அமைக்கக் கூறிய சுசுருதரின் நெறியும் இவ்வினத்ததே. 1960களில், அண்ணத்திலிருந்து ஒரு துண்டை முற்றாக அறுத்தெடுத்து முரசில் ஒட்டும் முறை வழக்குக்கு வந்தது. 1968இல் சலிவன், அட்கின்ஸ் என்போர் அதனை விரித்து எழுதினர். அது பற்றிக்கொள்ளும், ஆனால் நிறம் வெளிறி, செந்நிறச் சேலையில் வைத்துத் தைத்த வெள்ளைத் துணிபோல் தெரியும். 1985இல் லாங்கர் என்னும் பெயருடைய இருவர் வெளியிட்ட முறையே எமக்குச் செய்யப்பட்டதன் மூலம்: அண்ணத்தின் மேற்றோலை விட்டுவிட்டு, அதன் அடியிலுள்ள இணைப்பிழையத்தை மட்டும் உருவி எடுத்து, பல்லின்மேலுள்ள முரசை மடல்போல் திறந்து, அதன் கீழே செருகித் தைத்துவிடுவது.

ஏன் கீழே செருக வேண்டும்? வெளிப்பட்ட வேர் பாறை போன்றது. அதில் இரத்தம் இல்லை. பாறையின்மேல் நட்ட பயிர் பக்கத்து மண்ணிலிருந்துதான் உயிர் பெறவேண்டும். ஒட்டின் ஓரங்கள் பக்கத்துத் தசையில் படிய, மேலே முரசின் மடல் மூட, இரு வழியாகவும் அதற்கு உணவு கிடைக்கிறது. முதலிரண்டு மூன்று நாள்கள் கசியும் நீர்மத்தைக் குடித்தே ஒட்டு உயிர்த்திருக்கும். பின்னரே புதிய இரத்தக்குழாய்கள் அதனுள் நுழையத் தொடங்கும். அந்நாள்களில் அது மயிரிழை அசைந்தாலும் கெட்டது.

பன்றித் தோலிலிருந்தும், இறந்தோர் தானமாய் அளித்த தோலிலிருந்தும் செய்த பதிலிகளும் உள எனச் சொன்னார். எமக்கே அண்ணம் இருக்கையில் அயலார் தோல் எதற்கு என்று மறுத்துவிட்டோம். அவற்றின் விலையைக் கேட்டபின் எமது மறுப்பு மேலும் உறுதிப்பட்டது என்பதையும் ஒளிப்பதற்கில்லை.

எல்லாப் பல்லுக்கும் இது பயன் தருமா? தராது. பி. டி. மில்லர் என்பார் 1985இல் நான்கு வகுப்பாகப் பிரித்து ஒரு விதி சொன்னார். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள எலும்பும் முரசும் கெடாது நின்றால், வேரை முற்றாக மூடும் நம்பிக்கை உண்டு. அவை கெட்டிருந்தால் ஓரளவே மூடலாம். மிகவும் கெட்டிருந்தால் மூடும் எண்ணத்தையே விடவேண்டும். எமக்கு இடை முரசு நன்றாக நின்றது. வெளிப்புறம் மட்டுமே தேய்ந்திருந்தது. நேயர்கள் மேலே சொன்ன தோட்டத் தொழிலாளரை இங்கே மீண்டும் நினைக்க வேண்டும். அவர்களுள் பலருக்கு இடைப்புறமே போயிருந்தது. இவ்வைத்தியம் அவர்களைத் தேடிச் சென்றிருந்தாலும் முழுப்பயன் தந்திராது. வன்கையாற் கெடுத்தவனுக்கு மீட்சி இருந்தது. வசதியின்றிக் கெட்டவனுக்கு அது மறுக்கப்பட்டிருந்தது. அந்த வகுப்புப் பிரிவை எழுதியவர் இதனை நினைத்து எழுதியிருக்கமாட்டார். எமக்கு மட்டும் அது இன்றும் உறுத்துகிறது.

உடனே சத்திரசிகிச்சை செய்துவிடுவார் என எண்ணிச் சென்ற எம்மை, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். கை திருந்தாமல் ஒட்டினால் ஒட்டியதையும் தூரிகை தின்றுவிடுமாம். மெல்லிய தும்புள்ள தூரிகையை எழுதுகோல் பிடிப்பதுபோல் விரல் நுனிகளாற் பிடித்து, முரசோரத்திற் சாய்த்து வைத்து, சிறிதாக அசைக்கப் பயிற்றினார். ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுதுகோல் பிடிக்கக் கற்பித்த கை, அன்று தூரிகை பிடிக்கக் கற்றது. "பிள்ளைகளையும் ஒருமுறை கூட்டி வாருங்கள்" என்றார் போகும்போது.

கூட்டிச் சென்றோம். மகனுக்கு ஒன்றுமில்லை; அவன் எமது குரலை என்றுமே பொருட்படுத்தியவன் அல்லன். மகளுக்குப் பதினாறு வயது. சொன்ன சொல் தட்டாதவள். அவளுடைய கீழ்வாய் முன்பற்கள் இரண்டில் முரசு 1 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. வைத்தியர் எம்மைப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். இப்போதைக்கு ஒட்டு வேண்டியதில்லை, பழக்கத்தை மாற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்தாற் போதும் என்றார். மகள் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. படலையைத் திறக்கும்போது, "அப்பா, நான் சத்தமாகத்தானே தீட்டினனான்" என்றாள். அதற்கு விடை சொல்ல எம்மிடம் இலக்கணம் இருக்கவில்லை.

சத்திரசிகிச்சையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. விறைப்பூசி ஏற்றியபின் நோவில்லை. இழுபடுவது மட்டும் தெரியும். ஒன்றரை மணி நேரத்தில் அண்ணத்தில் ஒரு தையலும் முரசில் ஒரு தையலும் போட்டு முடித்துவிட்டார். நோவு பின்னரே வந்தது. அதுவும் ஒட்டிய இடத்திலன்று, எடுத்த இடத்தில். டகரமும் ழகரமும் சொல்லும்போது நா மேல்நோக்கி வளையும் அன்றோ? 'தமிழ்' என்று சொன்னாலே அண்ணம் சுரீரென்றது. பத்து நாள் விடுமுறையில் இருந்தோம்.

இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து ஆறிய பின் வலப்பக்கத்தால் உண்பது. ஒட்டிய பக்கத்தில் தூரிகை வைக்காமல் குளோரெக்சிடின் என்னும் மருந்து நீரால் அலசுவது. மூன்றாம் நாள் சொதியில் உப்பே இல்லை என்று எம் இல்லாளிடம் குறைப்பட்டோம். நான்காம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள் சற்றே குரல் உயர்த்தினோம். "உப்பு அளவாய்த்தான் கிடக்கு. உங்கட நாக்கைத்தான் டொக்டரிட்டைக் காட்ட வேணும்" என்றார். காட்டினோம். அம்மருந்து நீர் உப்புச் சுவையைச் சில காலம் மங்கச் செய்யும் என்று வைத்தியர் சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டோம். கிடைத்தது, இரண்டு நாள் கழித்து.

எல்லாவற்றிலும் கடினமானது உதட்டை உயர்த்திப் பாராதிருப்பது. சிறுவயதில், பயற்றை விதைத்துவிட்டு முளைத்ததா என ஒவ்வொரு நாளும் கிளறிப் பார்த்து அழித்தவர் நாம். உதட்டை இழுத்தால் தையல் இழுபடும், ஒட்டு அசையும். ஆகவே கண்ணாடியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துத் திறப்பை மகளிடம் கொடுத்தோம். அவள் அதைத் தன் புத்தகப் பையிற் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவாள்.

பதினான்காம் நாள் தையல் வெட்டினார்கள். வீங்கிச் சிவந்திருந்தது, மாதங்கள் செல்லச் செல்ல அடங்கி நிறம் ஒத்தது. ஆறாம் மாதம் அளந்தபோது வேட்டைப்பல்லின் வேர் முற்றாக மூடியிருந்தது. அடுத்த பல்லில் 1 மில்லிமீற்றர் எஞ்சியிருக்கிறது. அது மேலும் சிறிது இறங்கி மூடவுங் கூடும், மூடாமலும் நிற்கலாம் என்றார். குளிர்நீர் இப்போது நோவதில்லை. மகளுடைய அளவு அதே ஒரு மில்லிமீற்றரில் நிற்கிறது. அடுத்த அளவை தை மாதத்தில்.

நாம் இன்றும் விடியற்காலையில் கூடத்தில் இருந்து காது கொடுக்கிறோம். கிணற்றடியில் வாளி வைக்கும் ஓசை கேட்கும். பின்பு சிறிது நேரம் ஒன்றும் கேளாது. பின்பு கொப்பளிக்கும் ஓசை கேட்கும்.